இடது பக்கம் கொஞ்சம் தளர்த்தி

தையல்காரிக்குத் தன் ஓரகத்தியைக் கண்டாலே வயிறு எரியும். மூத்தவள் அப்படி என்ன கெடுதல் செய்துவிட்டாள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய கெடுதல். ரெடிமேட் துணிக்கடையில் வேலை, கலையாத தலைமுடி, சளிகூடப் பிடிக்காத ஒரு மகன். மாமியாரோ இளையவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே மூத்தவளின் கைமணத்தைப் பேசுவார். யாருக்குத்தான் எரியாது?

இளையவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அவள் தையல். முன்னறை ஜன்னலோரம் மெஷின். சின்னதாக, துறுதுறுவென்று திரியும் மகளுக்கு வீட்டில் மிளகு என்று பேர். மிளகுக்குக் கடைத்துணியே கிடையாது. டேப்பெல்லாம் எடுப்பதில்லை, குழந்தைக்குப் போட்டுப் பார்த்து, இறுகிப் பிடிக்கிற இடத்தைத் தளர்த்தி அம்மாவே தைத்துவிடுவாள்.

மிளகின் பிறந்தநாளுக்கு மூத்தவள் ஒரு பேண்ட் வாங்கி வந்தாள். தையல்காரி வீட்டுக்கு ரெடிமேட்! கொழுப்பைப் பார்த்தீர்களா? போட்டுவிட்டால் வலது கால் சரியாக இருந்தது, இடது தொடையில் இறுகிக்கொண்டது.

"உங்க கடை லட்சணம் இதுதானா அக்கா? ஒரு காலைச் சின்னதா வெட்டியிருக்காங்க."

மூத்தவள் பேண்டைக் கழற்றி, ஒரு காலை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகவில்லை. பிறகு குழந்தையின் தொடைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"துணி சரியாதான் இருக்கு. பாப்பாவுக்குத்தான் இடது கால் பருமனா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டும்மா."

வந்ததே கோபம்! அவள் பெற்றது தங்கம், நான் பெற்றது கோணலா? டாக்டர் வாயால் ஒன்றுமில்லை என்று சொல்லவைத்து, மாமியார் முன்னால் அவள் மூக்கை உடைக்க வேண்டும். அந்த வீம்பில்தான் மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டரம்மா இரண்டு காலையும் அளந்தார். உடனே வயிற்றுக்கு ஸ்கேன் எழுதினார். காலைக் காட்ட வந்தால் வயிற்றுக்கு எதற்கு ஸ்கேன் என்று தையல்காரி முணுமுணுத்தாள். இடது சிறுநீரகத்தில் கட்டி இருந்தது. புற்றுநோய்.

அந்தச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். மிளகின் முடியெல்லாம் கொட்டிப்போனது. மூத்தவள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து வாந்தி துடைத்தாள், துணி துவைத்து மடித்தாள். சில நாள் மகனையும் கூட்டி வருவாள். அவன் அடர்ந்த தலைமுடியைப் பார்க்கும்போதெல்லாம், இவனுக்கு ஏன் வரவில்லை என்று தையல்காரி நினைத்தாள். பாவி மனசு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் மறுபடி நினைத்தாள்.

சிகிச்சை முடிந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்தார். மூத்தவளும் கூடவே வந்திருந்தாள்.

"வளர்ச்சிக்கான ஒரு மரபணு இருக்கு, அது அப்பாகிட்டயிருந்து ஒண்ணு, அம்மாகிட்டயிருந்து ஒண்ணு வரும். அப்பா குடுத்தது மட்டும் வேலை செய்யணும், அம்மா குடுத்தது மூடியிருக்கணும். மிளகுக்குச் சில செல்கள்ல ரெண்டுமே திறந்துக்கிச்சு. அதான் ஒரு கால் பெருசாச்சு, கட்டியும் வந்துச்சு."

"அப்போ என் பக்கத்துக் கோளாறா?" பக்கத்தில் இவள் இருக்கும்போதா இதைச் சொல்ல வேண்டும்!

"இல்லம்மா. உங்க மரபணு நல்லாத்தான் இருக்கு. அது திறக்கணுமா மூடணுமான்னு சொல்ற ரசாயன அடையாளம் அது மேல ஒட்டியிருக்கும். கரு வளரும்போதே அந்த அடையாளம் மாறிப்போச்சு. எபிஜெனெடிக் மாற்றம்னு சொல்வோம். நீங்க சாப்பிட்டதோ செஞ்சதோ காரணமே இல்ல. இனிமே அப்பப்போ ஸ்கேன் பாத்துக்கணும். கட்டி சின்னதா இருக்கும்போதே நீங்க வந்தது பெரிய நல்லது. ஆமா, கால் வித்தியாசத்தை முதல்ல கவனிச்சது யாரு?"

"நான்தான்." வாய் முந்திக்கொண்டது.

மூத்தவள் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "ஆமா டாக்டர், இவதான்" என்றாள்.

படியிறங்கும்போது தையல்காரியால் பொறுக்க முடியவில்லை. "எதுக்கு அக்கா பொய் சொன்னீங்க? பெரிய மனசுன்னு காட்டவா?"

"நான் எங்க பொய் சொன்னேன்? மிளகோட பழைய பேண்டையெல்லாம் எடுத்துப் பாரு. ஒண்ணு விடாம இடது காலைத் தளர்த்தித்தான் தைச்சிருக்கே. இங்க துவைச்சு மடிக்கும்போதுதான் பார்த்தேன். எனக்கு முன்னாடியே உன் கைக்குத் தெரிஞ்சிருக்கு."

 தையல்காரிக்கு மூத்தவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. அதைவிட அதிகமாக எரிந்தது. தனக்கென்று இருந்த அந்த ஒரே பெருமையையும் இவளேதானா கண்டுபிடித்துத் தர வேண்டும்!