காத்து கீது

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புக்கு மார்பிள் இறக்கிய ராஜஸ்தான் லாரியின் டிரைவர், கிளம்புமுன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டினார். என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அப்பா சைதாப்பேட்டையிலிருந்து நாக்பூருக்கு லோடு ஓட்டியவர். அவரும் அப்படித்தான் தட்டுவார். காற்று இருந்தால் டயர் கணீரென்று ஒலிக்கும்; இறங்கியிருந்தால் மந்தமாக.

"ஜோடி டயர்ல உள்டயரு கண்ணுக்குத் தெரியாது. தட்டிக் கேட்டாத்தான் தெரியும்."

பிறகு, வழியனுப்ப நிற்கும் பிள்ளைகளான எங்கள் முதுகிலும் விரலால் தட்டி, "காத்து கீது" என்பார். கடைசியாக அம்மாவின் முதுகு. அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்துகொள்வாள்.

ஒருமுறை லோடு போனவரின் உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். அம்மா அழவில்லை. அவர் மார்பில் விரலால் தட்டிவிட்டு, காதை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

கீழே லாரி போய்விட்டது. என் முதுகு இன்னும் நிமிர்ந்தே இருக்கிறது.