சர்வீஸ் சென்டர் மேடம்

என் அக்காவின் கணவருக்கு வேலை போய் வெகுநாள் ஆன பிறகும் கம்பெனிச் சட்டை போகவில்லை. நீலச் சட்டை, பாக்கெட்டுக்கு மேலே வெள்ளை நூலில் கம்பெனியின் பெயர். காலர் நைந்தபோது அக்கா அதைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மாமா வாஷிங் மெஷின் மெக்கானிக். சர்வீஸ் சென்டரில் சேர்ந்தபோது அவருக்குக் கருகருவென்று மீசை. ஒரு திங்கட்கிழமை காலை, இனிமேல் எல்லாம் காண்டிராக்ட் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி சென்டரை இழுத்து மூடியபோது மீசையில் பாதி வெளுத்திருந்தது.

அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள். "இத்தனை வருஷமா எவனுக்கோ செஞ்சீங்க. இனிமே நமக்குச் செய்யலாம். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானா? முன்னப்பின்ன தெரியாதவன் பையத் தூக்கிட்டு வந்து நின்னா குளியலறை வரைக்கும் யாரு விடுவாங்க? என்னையா உள்ள விட்டாங்க? இந்தச் சட்டையத்தான் விட்டாங்க."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. நான் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். கம்பெனித் தொப்பி போடாத நாளில் எனக்குக் கதவு பாதிதான் திறக்கும். ஆனால் பாதி திறந்த கதவு வழியாகவும் பார்சல் போய்விடுகிறது. மாமாவிடம் இதைச் சொன்னால், "உனக்கென்னடா, வெளியில நின்னு குடுத்துட்டு ஓடிடுவ" என்பார்.

அதனால் மாமா சொந்தத் தொழிலை ஆரம்பித்தார், ஆனால் ஆரம்பித்தது யாருக்கும் தெரியாது. அவர் பழுது பார்த்த மெஷின்களின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்த ஸ்டிக்கர்களில் அவருடைய போன் எண்தான் இருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். சென்டர் மூடியது அவர்களுக்குத் தெரியாது. மாமாவும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று சத்தியம் செய்வார். உண்மையைச் சொன்னாரா என்று கேட்டால் மென்று விழுங்குவார்.

போனை எடுக்க வேண்டியவள் அக்கா. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே, துணி மடித்து வைக்கும் ஸ்டூல்தான் அலுவலகம். "வணக்கம், சர்வீஸ் சென்டர். சொல்லுங்க." இதைச் சொல்லும்போது அவள் குரல் இஸ்திரி போட்டதுபோல் இருக்கும். "ஒரு நிமிஷம், டெக்னீஷியன் எங்க இருக்கார்னு பாக்குறேன்" என்று போனைக் கையால் பொத்துவாள். டெக்னீஷியன் எதிரே சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். குக்கர் விசில் அடித்தால், "உள்ள டெஸ்டிங் நடக்குது சார்." போன் வந்திருக்கும்போது 'அம்மா' என்று கூப்பிடக் கூடாது, 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மகளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் ஒருநாள் போன் எதுவும் வராதபோதே மறந்துபோய், "மேடம், எனக்குப் பசிக்குது" என்றாள். அன்றைக்கு வீடே உருண்டு சிரித்தது. நானும்தான் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அக்கா சும்மா போனை எடுத்துக் கொடுக்கிறவளாக இருக்கவில்லை. மாமா சாப்பிடும்போதெல்லாம் நச்சரித்து நச்சரித்துத் தொழிலைத் தெரிந்துகொண்டாள். "தண்ணி உள்ளயே வரலயா, வந்துட்டு வெளிய போகாம நிக்குதா?" என்று கேட்பாள். "போனைக் கொஞ்சம் மெஷின் கிட்ட வைங்க" என்று காது கொடுத்துக் கேட்டு, "பேரிங் போயிருக்கும்னு தோணுது. துணியை எடுத்துடுங்க, இதுக்கு மேல ஓட்டாதீங்க" என்பாள். எடுத்து வைக்க வேண்டிய சாமான் எது என்று மாமா கிளம்பும்போதே தெரிந்துவிடும். முன்புபோல் பாதி வழியில் திரும்பி வர வேண்டியதில்லை. தொழில் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் சட்டையா, அக்காவின் குரலா என்று என்னைக் கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசலில் ஒரு போர்டு. "இது எங்க தொழில்னு வாயத் தொறந்து சொல்லணுங்க. எவன் வீட்டுலயோ ஒளிஞ்சிருக்கிற மாதிரி இருக்கு." அவளே போய் எழுதச் சொல்லி வாங்கியும் வந்துவிட்டாள். மஞ்சள் தகட்டில் 'வாஷிங் மெஷின் சர்வீஸ்' என்று பெரிதாக, அதன் கீழே மாமாவின் பெயரும் அவள் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். நான்தான் வாசல் சுவரில் துளை போட்டு இரண்டு கொக்கி அடித்தேன். மாமா வந்து பார்த்தார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம்.

"இதை மாட்டினா, அப்ப இத்தனை நாள் யாருன்னு கேப்பாங்களே? இப்பதான் நாலு வேலை வர ஆரம்பிச்சிருக்கு. அடுத்த மாசம் மாட்டலாம்."

போர்டு பீரோவுக்குப் பின்னால் போனது. கொக்கிகளில் ஒன்றில் குடை தொங்கியது, இன்னொன்றில் மகளின் ஸ்கிப்பிங் கயிறு. ஒவ்வொரு முறையும் அடுத்த மாசம்தான்.

அப்படி இருக்கும்போது மாமாவுக்குப் பார்வை மங்கி, சின்ன ஸ்குரூ கண்ணுக்குத் தெரியாமல் போனது. என் பார்சல் வேனிலேயே இரண்டு பேரையும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஆஸ்பத்திரி மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம சர்வீஸ் சென்டர்! மெஷின் இப்ப சத்தமே இல்லாம ஓடுதுங்க. ஆமா, உங்க ஆபீஸ்ல ஒரு மேடம் பேசுறாங்களே, யாருங்க அவங்க? வீடெல்லாம் தண்ணின்னு என் சம்சாரம் அழாத குறையா போன் பண்ணினா. அவங்க பேசின பேச்சுலயே இவளுக்கு உயிர் வந்துடுச்சு. அப்படி ஒருத்தர் இங்க இருந்தா எனக்குப் பாதிக் கவலை தீரும்."

மாமா தன் பாக்கெட்டைக் குனிந்து பார்த்தார். "ஸ்டாஃப் சார்" என்றார்.

"இவங்க?"

"சம்சாரம். வீட்ல சும்மாதான் இருக்கா."

மேனேஜர் அக்காவுக்கு வணக்கம் சொன்னார். அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். தினமும் போனில் சொல்கிற அதே வார்த்தை. சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கையை மட்டும் கூப்பினாள். நல்லா இருக்கீங்களா என்றதற்குத் தலையாட்டினாள். எத்தனை குழந்தைகள் என்றதற்கு ஒரு விரலைக் காட்டினாள். மேனேஜரின் முகம் இளகிப்போனது. மாமாவின் தோளைத் தொட்டு, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்து, "தப்பா நெனச்சுக்காதீங்க. அவங்களுக்குப் பேச வராதா?" என்று கேட்டார்.

என் வாய் வரை வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்" என்றார் மாமா.

திரும்பும்போது வண்டியில் முதலில் பேசியது அக்காதான். "ஊமையாவே ஆக்கிட்டீங்களே! இனிமே உங்களோட சண்டையும் சைகையிலதான் போடணுமா?" என்று சிரித்தாள். மாமாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அவள் சிரித்தால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிற மனிதர் அவர். நான் கூடப் பிறந்தவன். முன் கண்ணாடியில் பார்த்தேன். சிரித்து முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை போர்டைப் பற்றி இன்னொரு முறை கேட்டாளாம். அடுத்த மாசம் என்றாராம். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, தட்டில் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "நாளையிலேருந்து நான் கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறேன். ரிசப்ஷன்ல."

மேனேஜரிடம் தானே போய் நின்று, "வணக்கம் சார்" என்றிருக்கிறாள். அந்த மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். சென்டர் மூடியதையும், சட்டையையும், ஸ்டூலையும். அவர் கேட்டது ஒன்றுதான்: "மெஷினுக்கு இனிமேயும் அவரையே கூப்பிடலாம் இல்ல?"

மாமா இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பயந்தது இதற்குத்தான்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று மாமா கையைப் பிசைந்தார். "எல்லாமே உன்னாலதானே நடக்குது."

"அத வெளிய சொல்லுங்கன்னுதானே நானும் கேட்டேன்." அக்கா குரலை உயர்த்தவில்லை. "அங்க மேஜை மேல என் பேர எழுதி வெக்கிறாங்களாம்."

மறுநாள் விடிந்ததும் மாமா பீரோவை நகர்த்திப் போர்டை எடுத்தார். ஒட்டடை துடைத்து, குடையையும் கயிற்றையும் கழற்றிவிட்டு, கொக்கிகளில் மாட்டினார். அக்கா கைப்பையோடு வெளியே வந்தாள். நின்று பார்த்தாள். "இடது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

இப்போது மாமா கோடு போட்ட சாதாரணச் சட்டையில்தான் வேலைக்குப் போகிறார். கதவுகள் திறக்கின்றன. இத்தனை நாள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீலச் சட்டை கிழிந்து கிரீஸ் துடைக்கும் துணியாகிவிட்டது. தொழில் ஓடுகிறது, ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுக்கும்போது மாமா அசல் ஊமை. "ம், சொல்லுங்க" என்பார், அதற்கு மேல் வராது.

போன வாரம் மதியம் நான் போயிருந்தபோது ஒரு அம்மாள் கூப்பிட்டார். அவர் குரல் எனக்கே கேட்டது. "அந்த மேடம் இல்லீங்களா?"

"இல்லம்மா. வேற வேலைக்குப் போயிட்டாங்க."

"அடடா! அவங்கள எதுக்கு விட்டீங்க?"

மாமா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "அவங்க என் சம்சாரம்மா. இந்தத் தொழிலே அவங்க ஆரம்பிச்சதுதான்" என்றார். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, இதை அக்கா வந்ததும் அவகிட்ட சொல்லுங்க. மறக்காம சொல்லுங்க."

"சொல்றேன்டா. இன்னிக்கே சொல்லிடறேன்."

நேற்று அக்காவை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். மாமா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"என்னத்த?" என்றாள்.