கதவில் ஒரு வார்

எங்கள் தெருமுனையில் ஆறு டாக்சிகள் நிற்கும். மூன்றாவதாக நிற்கும் வெள்ளை வண்டி பிரேக் அண்ணனுடையது. ஒரு பூனை சாலையைக் கடக்கலாமா என்று யோசித்தாலே போதும், அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும் என்று சக டிரைவர்கள் வைத்த பெயர் அது. அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதை யாரிடமாவது சொல்லாமல் அவருக்கு ஒரு நாள் போனதும் கிடையாது.

ஐம்பத்து நான்காம் வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, ஆனால் கையையும் காலையும் பிடுங்கிக்கொண்டு போனது. நரம்பில் அழற்சி என்றார் டாக்டர். கால்கள் சீக்கிரம் தேறிவிட்டன. கைகள் தேறவில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பரவாயில்லை, அதற்குக் கீழே ஏதோ இரவல் வாங்கி மாட்டியது போல் தொங்கின. தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். சட்டைப் பொத்தானை அவர் மனைவி போட்டுவிட வேண்டும். "ஒரு வருஷம் ஆகலாம். முழுசா வருமான்னு இப்பவே சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

வண்டி ஐந்து வாரம் வாசலில் தூசி படிந்து நின்றது.

அவர் மனைவி ஒரு சலவை நிலையத்தில் துணி தேய்க்கும் வேலையில் இருந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலி மைதானத்தில் பிரேக் அண்ணனே கற்றுக்கொடுத்தார். "க்ளட்ச்! க்ளட்ச்சுன்னு சொன்னேன்ல!" என்று அவர் கத்திய கத்தலில் அந்தம்மா இரண்டு முறை அழுதும் இருக்கிறார். உரிமம் வாங்கியதோடு சரி. பிறகு எங்காவது ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத சாலையில், அண்ணன் மனசு வைத்தால் ஓட்டுவார்.

ஆறாவது வாரம் அந்தம்மா சொன்னார்: "நானே ஓட்டுறேங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்ன இஸ்திரிப் பெட்டியா?"

"இஸ்திரிப் பெட்டி கையச் சுடும். இது சுடாதுல்ல."

டாக்சி ஓட்டுவதற்கென்று இருந்த தேர்வை எழுதினார், முதல் தடவையிலேயே தேறினார். அண்ணன் அதே தேர்வில் மூன்றாவது தடவைதான் தேறியவர். அதை அந்தம்மா நினைவுபடுத்தவில்லை. அண்ணனுக்குத்தான் தானாக நினைவு வந்தது.

முதல் மாதம் அவர் வீட்டில் உட்கார்ந்து, எந்த நிமிடம் எங்கிருந்து போன் வரும், "இடிச்சுட்டேங்க" என்று அழுகைக் குரல் கேட்கும் என்று காத்திருந்தார். கேட்கும்போது என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். "பரவால்ல விடு, எனக்குத் தெரியும் இது நடக்கும்னு." பெருந்தன்மையான பேச்சு. ஆனால் அதைப் பேச வாய்ப்பே வரவில்லை. போன் வந்தது, வேறு மாதிரி.

"அண்ணே, அக்கா இருக்காங்களா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அக்கா குளிக்கிறா. என்கிட்டயே சொல்லுங்களேன்."

"இல்லண்ணே, அக்காகிட்டயே பேசிக்கிறேன்."

இருபது வருடமாக அவர் வண்டியில் வந்த ஆட்கள். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டவர் அவர். மூன்று மாதத்தில் எல்லோருக்கும் அக்காதான் வேண்டியிருந்தது. நெஞ்சுக்குள் யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதுபோல் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கைப்பயிற்சிக்காக அவர் வாரம் இரண்டு நாள் சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டும். அப்படித்தான் முதல்முறையாகத் தன் வண்டியில் பயணியாக ஏறப் போனார். அந்த வண்டியின் வெளிப்பக்கக் கைப்பிடி உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, நாலு விரலையும் அடியில் விட்டுத் தூக்கி இழுக்கிற வகை. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒன்று இருப்பதையே அவர் கவனித்ததில்லை. கை போகும், கதவு திறக்கும், அவ்வளவுதான். இப்போது விரல்களை உள்ளே விட்டார், இழுத்தார். ஈரச் சோப்பைப் பிடித்ததுபோல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நிறுத்தத்தில் இருந்த டிரைவர்கள் எல்லோரும் சட்டென்று வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்ததுதான் அவருக்கு அதைவிட வலித்தது.

அப்போதுதான் அதைக் கவனித்தார். பின்கதவுக் கைப்பிடியில் ஒரு கறுப்பு வார் தொங்கியது. பழைய பையிலிருந்து வெட்டி, மணிக்கட்டு நுழைகிற அளவுக்கு வளையமாகத் தைத்தது. கதவுக்கு உள்ளே பார்த்தார். அங்கேயும் ஒன்று.

"என்னடி இது, கழுதைக்கு வால் கட்டின மாதிரி?"

"டீச்சருக்கு. அவங்க விரல் கோணிக்கிட்டு இருக்குல்ல, பிடியை இழுக்க முடியல. இதுக்குள்ள கையை விட்டுச் சாய்ஞ்சா போதும், தானா திறந்துக்கும்."

டீச்சர் என்பவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. எலும்பு மூட்டு நோயால் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனவர். பதினோரு வருடமாக அண்ணனின் வாடிக்கை.

"பதினோரு வருஷமா வர்றாங்க. என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீங்க கேட்டீங்களா?"

மறுநாளே முன்கதவின் உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு வார் வந்துவிட்டது. அவருக்காக. அவர் அதைத் தொடவில்லை. கதவோடு மல்லுக்கட்டி, முழங்கையால் முட்டி, கடைசியில் மனைவி சுற்றிவந்து திறந்துவிடும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பாரே தவிர, அந்த வாரில் கையை நுழைக்க மாட்டார்.

ஒரு நாள் டீச்சரும் அதே வண்டியில் வந்தார். இறங்க வேண்டிய இடம் வந்ததும் வளையத்தில் கையை விட்டார், உடம்பைச் சாய்த்தார், 'டக்'. கதவு திறந்தது. டீச்சர் முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் களை.

"பார்த்தீங்களா? உங்க வண்டியில இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நானா இறங்கினதில்ல. நீங்க திரும்பிக்கூடப் பார்க்காம, 'இழுங்கம்மா, இழுத்தா வரும்'னு சொல்லுவீங்க. எனக்கு அழுகையா வரும்."

டீச்சர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னார். அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

அதற்குப் பிறகு நிறுத்தத்தில் அதே பேச்சு. "அக்கா, எங்கம்மாவுக்கு ஒண்ணு தைச்சுத் தாங்க." "அக்கா, என் வண்டிக்கு ரெண்டு." கீறல் இல்லாமல் வண்டி ஓட்டுவது எப்படி என்று இருபத்திரண்டு வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார், ஒருத்தனும் காதில் வாங்கியதில்லை. இவள் ஒரு கந்தல் பையை வெட்டித் தைத்ததற்கு வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு காலை, மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது, அவர் சமையலறையிலிருந்து ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். கத்தரிக்கோலைப் பிடிக்க விரலில் வலு இல்லை. வண்டிக் கதவுகளை அந்தம்மா கழுவித் துடைத்துத் திறந்தே வைத்திருந்தார். கத்தியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திப் பிடித்து, ரம்பம்போல் இழுத்து இழுத்து, உள்பக்க வார்கள் இரண்டையும் அறுத்தார். வெளியே இருப்பதை அறுத்தால் உடனே தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டார். கால் மணி நேரம் ஆயிற்று. வேர்த்துக் கொட்டியது. சிகிச்சை நிலையத்தில் பயிற்சி கொடுக்கும் பெண் கெஞ்சியும் அந்தக் கைகள் அவ்வளவு நேரம் உழைத்ததில்லை.

தையல் பலமில்லாமல் பிய்ந்துவிட்டது என்று நினைப்பாள், நாம் "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லலாம். அவர் திட்டம் அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு அடிகூட அவர் யோசிக்கவில்லை.

கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மனைவி குடையோடு ஓடி அவரை முன்னால் ஏற்றினார், டீச்சர் வீட்டு வாசலில் அதே குடையோடு டீச்சரைப் பின்னால் ஏற்றினார். அவசரத்தில் எதையும் பார்க்கவில்லை. வழியில் டீச்சருக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டார். "ரெண்டே நிமிஷம்."

கடையில் கூட்டம். மழை நின்றது. நின்ற கையோடு வெயில் அடித்தது. சாவி இல்லாமல் கண்ணாடியை இறக்க முடியாது, அது உள்ளே வேர்த்தது. பத்து நிமிடத்தில் வண்டி இட்லிப்பானை ஆகிவிட்டது.

"கொஞ்சம் காத்து வந்தா தேவலை" என்று டீச்சர் வாருக்காகத் தடவினார். "எங்க இதைக் காணோம்?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. தன் பக்கத்துக் கதவின் உள்பிடியை இழுத்தார். வழுக்கியது. இரண்டு கையையும் சேர்த்துக் கோத்து இழுத்தார். வழுக்கியது. நகர்ந்து டிரைவர் இருக்கைக்குப் போய் அந்தக் கதவை முயன்றார். காலைத் தூக்கிக் கட்டைவிரலால் நெம்பிப் பார்த்தார், முழங்கால் ஸ்டியரிங்கில் சிக்கியதுதான் மிச்சம். வழியே போன ஒருவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர் பதிலுக்குச் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனார்.

"ஹாரன் அடிங்களேன்" என்றார் டீச்சர்.

அடிக்கலாம். முழங்கையால் அழுத்தினால் போதும். ஆனால் அடித்தால் அவள் வருவாள். கடையில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்க, அவள் ஓடிவந்து கதவைத் திறப்பாள். அந்த நிலைமையிலும் அவருக்கு அதுதான் தோன்றியது. இன்னும் ஒரு தடவை பிடியை இழுத்தார்.

பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். டீச்சர் இருக்கையில் சரிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கோணல் விரல்கள் மட்டும், வார் இருந்த இடத்தை இன்னும் தடவிக்கொண்டிருந்தன.

அண்ணன் ஹாரன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, உடம்பு முழுவதையும் போட்டுப் படுத்துவிட்டார்.

அந்தம்மா மருந்தைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். கதவைத் திறந்து, டீச்சரை நிழலில் உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, குடிக்கக் கொடுத்தார். டீச்சர் தெளிய ஐந்து நிமிடம் ஆனது. பிறகுதான் அந்தம்மா வண்டிக்கு வந்து கதவைப் பார்த்தார். பிய்ந்த துணிக்கும் அறுத்த துணிக்கும் வித்தியாசம் தெரியாதவர் அல்ல, துணியோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர்.

வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்திய பிறகு கேட்டார்.

"என்மேல பொறாமைன்னா என்னை ஏதாவது சொல்லியிருக்கலாம்ல? திட்டியிருக்கலாம். அவங்க கையை ஏங்க அறுத்தீங்க?"

"வாரைத்தான்..."

"அது அவங்க கைங்க."

அதற்குப் பிறகு நான்கு நாள் பேச்சு இல்லை. பொத்தான் மட்டும் தினமும் போட்டுவிட்டார். நிற்கவைத்து, முகத்தைப் பார்க்காமல், மேலிருந்து கீழ்வரை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்ததாம் அவருக்கு.

டீச்சர் அதன்பிறகு கூப்பிடவில்லை. வேறு நிறுத்தத்து வண்டியில் போவதாகக் கேள்விப்பட்டார்கள். ஐந்தாம் நாள் அண்ணன் தானே நடந்து டீச்சர் வீட்டுக்குப் போனார். அறுத்தது தான்தான் என்று வாசலில் நின்றே சொன்னார்.

"தெரியும்" என்றார் டீச்சர். "நீங்க வாயே திறக்காம உக்காந்திருந்தப்பவே தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் பசங்களைப் பார்த்தவ நான்."

"மன்னிச்சுக்கங்கம்மா."

"அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு அன்னைக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. அதை நீங்க தெரிஞ்சுக்கணும்."

"எனக்கும்தான்மா."

டீச்சர் அவர் கைகளைப் பார்த்தார். "வர்றேன். ஆனா ஒண்ணு. இனிமே நீங்க பின்னாடி என் பக்கத்துல உக்காருங்க. அந்தக் கதவை நீங்க திறந்தாத்தான் நான் இறங்குவேன்."

புது வார்களைச் செருப்புத் தைப்பவரிடம் தோலில் தைக்கச் சொன்னார்கள். அளவு சொன்னது அண்ணன். மணிக்கட்டுக்கு எவ்வளவு அகலம், பிடியிலிருந்து எவ்வளவு நீளம், எந்தக் கோணத்தில் இழுத்தால் நோகாது என்று அந்தக் கடையில் ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறார். செருப்புத் தைப்பவர், "நீங்க பேசி முடிங்க, நான் சாப்பிட்டு வர்றேன்" என்று எழுந்துபோய்விட்டாராம்.

ஒன்றரை வருடத்தில் கைகள் பாதிக்கு மேல் திரும்பின. தம்ளரை ஒரு கையால் தூக்குகிறார். நாள் முழுக்க வண்டி ஓட்ட முடியாது. போன் எடுப்பதும், யாரை எப்போது எங்கே ஏற்றுவது என்று பார்ப்பதும் இப்போது அவர் வேலை. யாராவது முதல்முறை கூப்பிட்டால், "கையில ஏதாவது சிரமம் இருக்காங்க?" என்று கேட்டுக்கொள்கிறார்.

போன மாதம் பழைய வண்டியை மாற்றப் புருஷனும் பெண்டாட்டியும் விற்பனைக் கூடத்துக்குப் போனார்கள். விற்பனைக்காரர் முதலில் காட்டிய வண்டியில் கைப்பிடியே வெளியே தெரியவில்லை. கதவோடு கதவாகப் படிந்திருந்தது. ஒரு ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் மறு ஓரம் எழும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். "இப்ப இதுதாங்க ஸ்டைலு" என்றார். அண்ணன் அழுத்தினார். அது எழவில்லை. "அடுத்தது" என்றார். அங்கே நின்ற ஒன்பது வண்டியின் கதவையும் திறந்து பார்த்தார். முதலில் விரலால், பிறகு விரலை மடக்கிக்கொண்டு மணிக்கட்டால். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. விற்பனைக்காரர் முகம் கோணிப்போனது. கடைசியில், கை முழுதும் நுழைகிற மாதிரி அகலப் பிடி வைத்த ஒரு சாதாரண வண்டியை எடுத்தார்கள்.

"வண்டி வாங்கப் போனவரு கைப்பிடி வாங்கிட்டு வந்திருக்காரு" என்று நிறுத்தத்தில் இன்னும் சிரிக்கிறார்கள்.

அதைச் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். பொறாமை போய்விட்டதா என்று கேட்டேன்.

"எங்க போச்சு? புது வண்டியை அவதான் ஓட்டிக்கிட்டு வந்தா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். 'என்ன மூஞ்சி உம்முனு இருக்கு?'ன்னு கேட்டா. 'நீ இவ்வளவு நல்லா ஓட்டுறது எனக்குப் பிடிக்கல'ன்னு சொன்னேன்."

"அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க?"

"'சரி, பிடிக்காமயே இருக்கட்டும்'னு சொல்லிட்டு, ஒரு லாரியை முந்திட்டா."