ஈப்போ நூலகத்தில் நாற்பத்தொரு பாப்பாக்கள்

என்னைப் போலப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் இருக்கும் நம் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மூன்றாம் படிவச் சோதனைக்குப் பெயர் கொடுக்க அடையாளக் கார்டு வேண்டும். கார்டு எடுக்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும். இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதிவு அலுவலகத்தில் மனுவாவது கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். "பேசாம இரு. ஆபீஸுக்குப் போனா என் சிவப்புக் கார்டையும் புடுங்கிக்குவானுங்க" என்றார். குடியுரிமை இல்லாத அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். இரண்டாம் தடவை கேட்டபோது கையை ஓங்கினார். அதனால் யாரிடமும் சொல்லாமல் செவ்வாய்க்கிழமை ஈப்போ போய் வந்தேன். அப்பா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறார். விளக்கைத் தாழ்த்தி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியபோது பிறப்புகளைக் குறித்து வைத்த அதன் பழைய புத்தகங்களை ஈப்போவில் ஒரு கல்லூரி நூலகம் வாங்கிக்கொண்டது என்று தோட்ட ஆபீஸ் கிராணி யாரிடமோ சொன்னதைக் கேட்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

காலை 6.15க்குப் பள்ளி லாரியில் ஏறினேன். தாப்பாவுக்கு ஏழு கட்டை தூரம், அரை மணி நேரம். பள்ளிக்குள் போகாமல் பஸ் நிலையத்துக்கு நடந்து 7.10 பஸ்ஸைப் பிடித்தேன். ஈப்போவுக்கு 2 வெள்ளி 60 காசு. சீருடையில் இருந்தால் பாதிதான்.

"தங்கச்சி, ஸ்கூல் அந்தப் பக்கம் லா" என்றார் கண்டக்டர்.

"ஈப்போ லைப்ரரிக்குண்ணே. டீச்சர் அனுப்பினாங்க."

"லெட்டர் எங்க?"

"பேக்குல இருக்கு."

"எடுக்க வேணாம், எடுக்க வேணாம். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை எதுக்குப் பொய் சொல்லுது? முன்னால போய் உக்காரு."

இடப் பக்கம் உட்காருங்கள், வலப் பக்கம் வழி முழுக்க வெயில். காம்பாரில் பத்து நிமிடம் நிற்கும். ஈப்போ போய்ச் சேர 8.50. அங்கிருந்து கல்லூரிக்கு இருபத்தைந்து நிமிட நடை. டாக்ஸிக்காரர் இரண்டு வெள்ளி கேட்டார், வேண்டாம் என்றேன். வாசல் காவலாளி "ஐ.சி. மானா?" என்று கேட்டார். கார்டு எங்கே என்கிறார், அது இல்லாமல்தானே வந்திருக்கிறேன். பள்ளி அட்டையைக் காட்டினேன், விட்டுவிட்டார்.

பழைய புத்தகங்களைக் கவனிப்பவர் பெயர் சாமுவேல். ஈப்போவிலேயே வளர்ந்தவர், தோட்டம் பார்த்ததில்லையாம். அங்கே ஒவ்வொரு பக்கத்தையும் கேமராவில் பிலிம் எடுக்கிறார்கள். அதில் உள்ள பெயர்களை ஒரு சீனப் பெண் கம்ப்யூட்டரில் அடித்து, பிளாப்பி என்ற சதுரத் தட்டில் சேர்க்கிறார். புத்தகத்தைக் கரையான் தின்றாலும் பிலிமும் தட்டும் இருக்கும் என்றார் சாமுவேல் அண்ணன்.

என் பெயரைச் சொன்னேன். விஜயலட்சுமி. அடித்துப் பார்த்தார், இல்லை. எழுத்தை மாற்றி நான்கு விதமாக அடித்தும் இல்லை. "நீ அந்தத் தோட்டத்துல பொறக்கல போல தங்கச்சி" என்றார். அழுகை வந்துவிட்டது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பேச்சை மாற்றினார்.

"உங்க தோட்டத்துல ஒரு பேரு மட்டும் எக்கச்சக்கமா இருக்கு. நாப்பத்தோரு பேரு. அது என்ன, சாமி பேரா?"

"என்ன பேருண்ணே?"

"பாப்பா லா. பாப்பா, முனியாண்டி மகள். பாப்பா, ராமசாமி மகள்."

அழுகையோடு சிரிப்பும் வந்தது. "அது பேரே இல்லண்ணே. எங்க லயத்துல முப்பதாம் நாளுதான் பேரு வைப்பாங்க. பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி டிரஸர் பேரு கேட்டா பாப்பான்னுதான் சொல்வாங்க."

அவர் திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "மூணு மாசமா அடிச்சிருக்கோம்" என்றார் மெதுவாக. நான் சொன்னதை அவர் மலாயில் சொன்னதும் அந்தச் சீனப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் அப்பா பெயர் முனியாண்டி. ஆனால் முனியாண்டி மகள் பாப்பாவே மூன்று பேர். அம்மாவின் ரப்பர் பால் வாளியில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும் செக்ரோல் நெம்பர், அதாவது தோட்டத்து ஆள் பட்டியல் நெம்பர், 212. அதைச் சொன்னேன். தாய் என்ற கட்டத்தில் 212 இருந்த பாப்பா ஒருத்திதான். அது நான்.

பாப்பாவை அழித்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். "புத்தகத்துல இருக்கிறது அப்படியே இருக்கணும். பக்கத்துல இன்னொரு கட்டம் போடுறேன், அதுல உன் பேரு." பிறகு, "மத்த நாப்பது பேரையும் உனக்குத் தெரியும்தானே? சொல்லு, சேத்துக்குறேன்" என்று பேனாவை எடுத்தார்.

எனக்கு முக்கால்வாசிப் பேரைத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. கார்டு என்றாலே பயப்படுகிற என் அப்பாவைப் போல ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். "அவங்களே வந்து சொல்லட்டும்ணே" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

போகிறவர்கள் அம்மாவின் செக்ரோல் நெம்பரை எழுதி எடுத்துப் போங்கள், சொந்தப் பெயர் உதவாது. பையன்களுக்கு 'தம்பி' என்று தேடச் சொல்லுங்கள், அதுவும் நிறைய இருக்கிறதாம். சனிக்கிழமை அந்த அறை பூட்டியிருக்கும். பக்கத்தின் பிரதிக்கு இருபது காசு, மனுவோடு அதைத்தான் வைக்க வேண்டும். நூலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். 11.30 பஸ்ஸைப் பிடித்தால் தாப்பாவில் 1.30 லாரிக்கு வந்துவிடலாம். சீருடையில் போனால் மொத்தச் செலவு 2 வெள்ளி 80 காசு, சாப்பாடு இல்லாமல்.

பிரதியை பஸ்ஸில்தான் முழுவதும் படித்தேன். கடைசிக் கட்டம் 'தகவல் கொடுத்தவர்'. அதில் ஒரு கைநாட்டு. பக்கத்தில் டிரஸர் எழுதியிருக்கிறார்: தகப்பன், நேரில் வந்தது, காலை 5.20. பெரட்டு ஐந்தரைக்கு. ஆள் கணக்கெடுக்கும்போது ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைய வேலை போய்விடும். அப்படியிருந்தும் ஆஸ்பத்திரிக்குப் போய், பாப்பா பிறந்திருக்கிறது என்று சொல்லி, பெருவிரலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

மனுவிலும் தகப்பனின் கைநாட்டு வேண்டும். நாளைக் காலை அதே விரலைத்தான் கேட்கப் போகிறேன்.