இரு பக்கமும் எழுதிய தாள்

அமெரிக்காவின் யூட்டாவில், ஆண்கள் பல மனைவியரை மணக்கும் வழக்கம் இருந்த காலத்து மார்மன் மதத்தார் ஊர் ஒன்றில், லொவைசாவும் அவள் மூத்தாள் ஜெரூஷாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. மதம் பரப்ப டென்மார்க் போன கணவர் எல்னேதன், சிக்கனமாக, ஒரே தாளில் ஆளுக்கொரு பக்கம் எழுதுவார்.

ஒரு கடிதத்தில், அங்கே ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்ணை அழைத்துவந்து மணக்க லொவைசாவிடம் சம்மதம் கேட்டிருந்தார்.

லொவைசா தாளைத் திருப்பி நீட்டினாள். "அக்கா, உங்க பக்கத்துல என்ன இருக்கு?"

"அதேதான்டி. எழுத்துப் பிசகாம."

"என்ன பதில் போடலாம்?"

"கூரை ஒழுகுதுன்னு போடு. அவளுக்குத் தச்சு வேலை தெரிஞ்சா வரட்டும்."

இருவரும் கையெழுத்திட்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் அவர் தனியாகத்தான் வந்தார். அவரைக் கூரைமேல் ஏற்றிவிட்டு, இருவரும் கீழே நின்று சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.