வேர்ப்பதற்கு ஓர் அறை

அண்ணன் கப்பலில் என்ஜின் ஃபிட்டர். அறுபதுகளின் நடுவில், ஒரு மார்கழி விடுமுறைக்குக் கிழக்குத் தாம்பரம் வந்தவர், கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் மர அறை ஒன்று கட்ட ஆரம்பித்தார். பின்லாந்துத் துறைமுகம் ஒன்றில் அவரை அப்படியோர் அறைக்குள் உட்காரவைத்தார்களாம். பெயர் சானா.

"மெட்ராஸ்ல வேர்க்கறதுக்குத் தனியா ரூம் வேணுமாங்க?" என்றார் அண்ணி.

"இந்த வேர்வை வேற, அந்த வேர்வை வேற."

கள்ளிப்பெட்டிப் பலகைகளால் சுவர். உள்ளே இரும்பு டிரம் அடுப்பு, அதன்மேல் கருங்கற்கள். விறகு வைக்கும் வாய் வெளியே இருந்தது. புகை தகரக் குழாய் வழியாகக் கூரைக்கு மேல் போய்விடும். ரத்தக் கொதிப்புள்ள அப்பாவுக்கு மட்டும் டாக்டர் தடை போட்டுவிட்டார்.

நான் அப்போது ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். எந்நேரமும் கழுத்து வலி. பழைய புடவையோடு அண்ணியும் நானும் உள்ளே போனோம். மூச்சை இழுத்ததும் மூக்கின் உள்பக்கம் சுரீரென்றது. சங்கிலி சுட, கழற்றி வெளியே வைத்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் வேர்வை. ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஓடி ஏறியதுபோல நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் மே மாதப் பிசுபிசுப்பு துளியும் இல்லை. வெளியே வந்து கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டதும் கழுத்து எந்தப் பக்கமும் திரும்பியது. அன்று அப்படியொரு தூக்கம். மறுநாள் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே வலி திரும்பிவிட்டது.

"இது மருந்தில்லம்மா. கொஞ்ச நேரச் சுகம்" என்றார் அண்ணன்.

அது மதுவிலக்குக் காலம். கொல்லையில் குழாய், புகை, சிவந்த முகத்தோடு வெளியே வந்து சாய்கிற ஆட்கள். தெரு என்ன நினைக்கும்? யாரோ சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கான்ஸ்டபிள் வந்தார்.

"இன்னா சார், சாராய ஊறல் எங்க கீது?"

அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். கான்ஸ்டபிள் தலையை நுழைத்து, கற்கள்மேல் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் வாளியை மோந்து பார்த்தார்.

"இதுல இன்னாதான் காய்ச்சறே?"

"ஆளைத்தான்."

அவர் சிரிக்கவில்லை. கற்களையே பார்த்தார். பிறகு மெதுவாக, "எம்மா நேரம் குந்தணும்?" என்றார்.

அண்ணனின் லுங்கியைக் கட்டிக்கொண்டு போனவர் கூப்பிடக் கூப்பிட வரவில்லை. "இரு நைனா, இப்பத்தான் இடுப்பு வுட்டுக் குடுக்குது!"

கடைசியில் சட்டென்று எழுந்து வெளியே வந்தார். இரண்டடி வைப்பதற்குள் கால்கள் துவண்டன. அண்ணன் தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்கவைத்து, கால்களைத் தூக்கி ஒரு பெட்டிமேல் வைத்தார். "ஏசப்பா, போலீஸ்காரர்!" என்று அண்ணி முணுமுணுத்தார். உப்புப் போட்ட மோரைக் கொண்டுவந்தேன். சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறந்தவர், எழுந்து உட்கார்ந்து சொம்பைக் காலி செய்தார்.

"மெதுவா எழுந்திருக்கணும் சார். தண்ணி குடிக்காம வேற உள்ள போயிட்டீங்க" என்றார் அண்ணன்.

"அத முன்னாடியே சொல்றதில்ல?"

உடுப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். கூடியிருந்த தெருவைப் பார்த்து, "சாராயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வேர்வை! போங்க போங்க" என்றார்.

எல்லோரும் கலைந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் நகரவில்லை. வேலியருகே வந்து, "பொம்பளைங்களையும் உட்கார விடுவீங்களா அக்கா?" என்று அண்ணியைக் கேட்டார்.