ஜாவா மலையில் ஒரு யாழ்ப்பாணத்து மதில்

என் மனைவியின் ஊரில் எனக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கிறேன். இந்தோனேசியாவில் வெளிநாட்டுக்காரன் காணிக்குச் சொந்தக்காரனாக முடியாது. வெளிநாட்டுக்காரனைக் கட்டிய பெண்ணின் காணியும் சிக்கலில் மாட்டிவிடும் என்பதால், கல்யாணத்துக்கு முன்பே நொத்தாரிசு ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்து, அவளுடைய காணி அவளுடையது, எனக்கு அதில் பங்கில்லை என்று எழுதி ஒப்பமிட்டோம். இந்தச் செய்தியை லண்டன் வெம்பிளியில் இருக்கும் என் அக்காவிடம் கொஞ்சம் பயந்து பயந்துதான் சொன்னேன்.

"எத்தினை பரப்பு?" என்பதுதான் அக்காவின் முதல் கேள்வி.

"வீட்டு வளவு ஒரு மூண்டு பரப்பு வரும். மேல மலைச்சரிவில உருளைக்கிழங்குத் தோட்டமும் இருக்கு."

"அதில உனக்கு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப பெட்டை விவரமானவள்தான். கட்டு," என்றாள் அக்கா.

அப்படித்தான் கட்டினேன். நான் ரெய்னர்ஸ் லேனில் கார் ஓட்டப் பழக்குகிறவன். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கிறாள். என் அக்காவிடமிருந்து தமிழ் பழகியதால், ஜாவாக்காரியான என் மனைவி என்னை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுகிறாள். வெள்ளைக்காரத் தோழிகளுக்கு அதுதான் என் பெயர் என்று நீண்ட நாள் நினைப்பு.

இருபத்திரண்டு வயதில் ஊரை விட்டு வந்தவளுக்கு லண்டனில் பெரிதாக ஒரு ஆசையும் கிடையாது. நகை வேண்டாம், பெரிய வீடு வேண்டாம். பென்ஷன் எடுத்ததும் அந்த மலைக் கிராமத்து வீட்டுக்குத் திரும்பிப் போய், தன் சனத்தோடு இருக்க வேண்டும். அது ஒன்றுதான். பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வீட்டுக்கு வரும் நாட்களில் அதைச் சத்தமாகவே சொல்லுவாள். அந்த ஒரே ஆசையில்தான் நான் போய் மண்ணை அள்ளிப் போட்டேன்.

முதன்முறை அந்த ஊருக்குப் போனபோது, வெப்ப நாடுதானே என்று நாலு பருத்திச் சட்டையோடு போய் இறங்கினேன். அங்கே மத்தியானமே பல் கிடுகிடுத்தது. எரிமலைகளுக்கு நடுவே, மேகத்துக்குள் இருக்கிற ஊர். ஆண்கள் சாரமும் கம்பளித் தொப்பியுமாகத் திரிகிறார்கள். மண் பிளந்து புகை வருகிற இடங்களிலிருந்து காற்றுத் திரும்பினால் கந்தக நாற்றம் அடிக்கும். அந்தச் சாம்பல் மண்ணில் உருளைக்கிழங்கும் கரட்டும் கோவா என்கிற முட்டைக்கோசும், நிற்கவே ஏலாத செங்குத்துச் சரிவில்கூட விளைந்து கிடந்தன. மாமனார் அப்போது உயிரோடிருந்தார். என்னைக் கண்டதும் தன்னுடைய தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார்.

இரண்டாம் நாள் காலை, முற்றத்தில் வாங்கு போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிசி தலையில் கோவா மூட்டையோடு எங்கள் வளவுக்குள்ளால் நடந்து போனாள். போகும்போது குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். பின்னால் ஒரு ஆள், அவருக்குப் பின்னால் இரண்டு ஆடு. பத்து நிமிடத்தில் அரை ஊர் எங்கள் குசினிக்குப் பின்பக்கத்தால் போய் வந்துவிட்டது. வேலி என்று ஒன்று எங்கேயும் இல்லை. நாலு மூலையிலும் சிவப்பு இலைச் செடி ஒன்று நட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

"உங்கட எல்லை எதில முடியுது?" என்று மனைவியின் தம்பியைக் கேட்டேன். அவள் மொழிபெயர்த்தாள். அவன் கையை ஒரு பக்கமாக வீசிக் காட்டினான்.

"அந்தளவில எண்டுறான்," என்றாள் அவள்.

அந்தளவில்! எங்கள் ஊரில் அந்தளவில் என்று ஒரு எல்லை இருந்தால் இரண்டு தலைமுறைக்கு வழக்குப் போகும். என் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் வேலியில் ஒரு பூவரசங் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகப் பதினாறு வருடம் கோட்டுக்குப் போனவர்கள். ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பிறகு நாட்டில் சண்டை வந்தது, ஊர் இடம்பெயர்ந்தது. பல வருடம் கழித்து நான் திரும்பிப் போய்ப் பார்த்தபோது வேலியும் இல்லை, வழக்காடிய இருவரும் இல்லை. பற்றைக்குள் நின்றுகொண்டு, எங்கள் வளவு எதில் தொடங்குகிறது என்று தெரியாமல் முழித்தேன்.

ஆகவே மாமனார் இறந்து, வீடு பூட்டிக் கிடக்கத் தொடங்கியதும், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவியின் தம்பி அடுத்த ஊரில் தன் மனைவி வீட்டோடு இருக்கிறான். ஆளில்லாத வளவை யாராவது அடி அடியாக அரக்கிப் பிடித்துவிட்டால்? வெளிநாட்டில் இருக்கிற யாழ்ப்பாணத்தான் ஊரில் ஆளில்லாத வீட்டுக்கு என்ன செய்வானோ, அதையே செய்தேன். மதில் கட்டச் சொன்னேன்.

"தேவையோ, இஞ்சாருங்கோ?" என்றாள் மனைவி.

அது கேள்வி இல்லை, மறுப்பு என்று எனக்கு உறைக்கவில்லை. மைத்துனனிடம் தொலைபேசியில் சொன்னேன். அங்கே அண்ணனை 'மாஸ்' என்பார்கள். "சரி, மாஸ்," என்றான். ஆறு அடி உயரம் என்றேன். சரி, மாஸ். பின்பக்கமும் அடைக்க வேண்டும். பின்பக்கமுமா என்று கேட்டான். பிறகு, சரி, மாஸ். முன்னுக்கு இரும்புக் கேற், தாமரைப்பூ வைத்து, தங்க நிறத்தில் முனை. அதுவும் சரிதான். லெசனுக்கு லெசன் நடுவில் காரை ஓரங்கட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் கல்லுக் கல்லாக மேற்பார்வை பார்த்தேன். முடிந்ததும் அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன்.

"நல்ல வடிவான மதில். ஆனா அது உன்ர காணியில்லையே?" என்று பதில் வந்தது.

ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. நான் உள்ளுக்குள் காத்திருந்தேன். ஒரு பெட்டிசம், ஒரு வாய்த்தர்க்கம், ஒன்றுமில்லை. ஆடுகள் சுற்றி வரப் பழகிக்கொண்டன என்று மைத்துனன் சொன்னான். எதிர்ப்பே இல்லாமல் ஒரு மதில் எழும்பியதைப் பார்த்து, என்ன தங்கமான சனம் என்று மனைவியிடம் மெச்சினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

பிறகு மாமனாரின் ஆயிரமாம் நாள் வந்தது. எங்களுக்கு முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம் என்று இருப்பதைப்போல, அவர்களுக்கு நாற்பது, நூறு என்று போய் ஆயிரமாம் நாளில்தான் கடன் முடிகிறது. அன்றைக்கு ஊரை அழைத்து ஓதிச் சாப்பாடு கொடுக்க வேண்டும். சமையலுக்கு ஆள் பிடிப்பதில்லை. முதல்நாளே அயலட்டைப் பெண்கள் தங்கள் தங்கள் கத்தியோடு, கூப்பிடாமலே குசினிப் பக்கத்தால் வந்து இருந்துவிடுவார்கள். அரிசிமா அப்பமும் சுடுவார்கள். அங்கே அதன் பெயரும் ஏறக்குறைய அப்பம்தான். எந்த வீட்டுக்குப் பெண்கள் வருகிறார்கள், எந்த வீட்டுக்கு வரவில்லை என்பதை வைத்தே, அந்த வீட்டுக்கு ஊரில் இடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாமாம். எனக்கு லீவு இல்லை. அவள் மட்டும் போனாள்.

ஆயிரமாம் நாளுக்கு முதல்நாள் எனக்குக் காலை ஒன்பது மணி லெசன். வெம்பிளியில் இருந்து வருகிற மன்னார்க்காரத் தங்கச்சி. மூன்று தரம் டெஸ்டில் பெயிலானவள். ரெய்னர்ஸ் லேனில் ஒரு அமைதியான தெருவில் பார்க்கிங் பழக்கிக்கொண்டிருக்கும்போது வீடியோ அழைப்பு வந்தது. அங்கே பின்னேரம் மூன்று மணி. மனைவியின் முகம் வீங்கியிருந்தது.

"ஒருத்தரும் வரேல்லை," என்றாள்.

"என்ன ஒருத்தரும் வரேல்லை?"

"காலமை தொடக்கம் பாத்துக்கொண்டிருக்கிறன். கேற்றைத் திறந்து வச்சிருக்கிறன். ஒருத்தரும் வரேல்லை." அவள் தொலைபேசியைச் சுற்றிக் காட்டினாள். கூட்டிப் பெருக்கிய முற்றம், விரித்த பாய், உரிக்காத வெங்காயம், சுற்றிவர என்னுடைய மதில். "பக்கத்து வளவில எல்லாரும் கூடி நிக்கினம். சிரிக்கிற சத்தம் கேக்குது. அங்க ஏதோ விசேஷம். எனக்குச் சொல்லேல்லை. என்ர அப்பாவின்ர நாளிலை..."

"போய்க் கேளன், என்ன விஷயம் எண்டு."

"அப்பிடிக் கேக்கேலாது! இஞ்ச அப்பிடி ஒருத்தரும் கேக்கிறேல்லை."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. முற்றத்தின் நடுவில் பாயில் இருந்து அழுதாள். அவளுக்குப் பின்னால் குசினி வாசல். அதற்குப் பின்னால், முன்பு அரை ஊர் நடந்து போன இடத்தில், ஆறு அடி உயரத்துக்குச் சாம்பல் நிறக் கல். வாசலில் கேற் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கேற்றால் வருகிறவர் விருந்தாளி. வெங்காயம் உரிக்க யாரும் விருந்தாளியாக வருவதில்லை. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கடைசிக் காலத்தில் போய் இருக்க ஆசைப்பட்ட ஊரை நானே பூட்டிவிட்டேன்.

மன்னார்த் தங்கச்சி ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிட்டாள். "அண்ணை, நான் ஒண்டு சொல்லட்டோ? அந்த மதிலை உடைக்கச் சொல்லுங்கோ."

"தம்பியைக் கூப்பிடு," என்றேன் மனைவியிடம். மைத்துனன் திரையில் வந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தோனேசிய மொழியில், "பின் மதிலை உடை. இப்ப," என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான், பிறகு மதிலைப் பார்த்தான், ஓடினான். ஒரு நிமிடத்தில் பெரிய சுத்தியலோடு வந்தான். அது ஏதோ கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்ததுபோல எனக்குப் பட்டது.

மனைவி வேண்டாம் வேண்டாம் என்று மறித்தாள். நாளைக்கு ஓதுகிற வீட்டில் இடித்துக் கொட்டுவதா என்றாள். அவன் முதல் அடியை அடித்துவிட்டான். நான் காசனுப்பிக் கட்டின மதில் நல்ல மதில். நாலு அடிக்கு அசையவில்லை. ஐந்தாவது அடிக்கு நெஞ்சளவு உயரத்தில் ஒரு கல் அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்த பக்கத்துச் சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

ஓட்டைக்குள்ளால் முதலில் புகை வந்தது. பிறகு ஒரு முகம் வந்தது. முக்காடு போட்ட ஒரு மனிசி, ஒரு கையில் கத்தி, மறு கையில் பாதி சீவிய கரட். தலையில் கோவா மூட்டையோடு அன்று எனக்குக் குனிந்து சிரித்தவள்தான். அவளுக்குப் பின்னால் பெரிய பெரிய பானைகள், வாழையிலைக் கட்டு, பாயில் ஒரு இருபது பெண்கள். எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். என் மனைவி மிக மெதுவாக ஏதோ கேட்டாள். அந்த மனிசி நீளமாகப் பதில் சொன்னாள். அதில் கோபம் இல்லை. கடைக்குப் போன கதை சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"என்னவாம்?" என்றேன். அவள் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னவாம் எண்டு சொல்லனப்பா!"

"அப்பாவுக்குத்தானாம்," என்றாள்.

"என்ன அப்பாவுக்கு?"

"சமையல். காலமை தொடக்கம் எங்கட அப்பாவுக்குத்தான் சமைக்கினமாம். மதில் நிக்குது, குசினிக்கு வர வழியில்லை. அதால அங்காலையே அடுப்பு மூட்டினவையாம். பொழுதுபடக் கேற்றால கொண்டுவந்து தாறதுக்கு இருந்தவையாம்."

தம்பி இன்னும் ஏழெட்டுக் கல்லைத் தட்டி விழுத்தினான். அவள் தொலைபேசியை அவனிடம் கொடுத்துவிட்டு, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடிந்த இடத்தில் காலை வைத்து ஏறினாள். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று கை நீண்டு அவளைப் பிடித்து இறக்கின. யாரோ பாயில் தள்ளி இருந்து இடம் விட்டார்கள். யாரோ ஒரு கத்தியைக் கொடுத்தார்கள்.

பக்கத்தில் மன்னார்த் தங்கச்சி மூக்கைச் சிந்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வாய் கொள்ளாத சந்தோஷமாகவும் இருந்தது.

மைத்துனன் திரையில் முகத்தைக் கொண்டுவந்தான். தலையெல்லாம் சீமெந்துத் தூள். "எவ்வளவு உடைக்கட்டும், மாஸ்?" என்று கேட்டான்.

அவனுடைய தோளுக்குப் பின்னால் என் மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரட் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"முழுக்க," என்றேன்.